சுரண்டி எடுத்த சிவப்பு

மீனம்பாள் எதிர் வீட்டுச் சுவரைத் தோசைத் திருப்பியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மணி பத்து இருக்கும். அமாவாசை நாள். மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஜன்னலுக்கு நாலு தலை. அத்தனை தலையும் தன்னைத்தான் பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது. பஸ்ஸில் போகிறவன் ஒரு பொம்பளை சந்துக்குள் நின்று சுவரைச் சுரண்டுவதைப் பார்த்தால் போஸ்டர் கிழிக்கிறாள் என்று நினைத்துவிட்டு முறுக்கைக் கடிப்பான். பயந்து கிடப்பவளிடம் போய் இதையெல்லாம் யார் சொல்வது. கை மட்டும் நடுங்கவில்லை. இருபது வருஷமாகக் கல்லில் தோசை திருப்புகிற கை அது.

அவள் சுரண்டியது சுவரை இல்லை, சுவரில் இருந்த சிவப்புக் கோட்டை. அதன் அடிநுனியில், சாக்கடைக்குப் பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்துத் திருப்பியை வைத்து நெம்பினாள். நகத்தளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து வந்தது. இன்னும் இரண்டு உதிரி. முந்தானையில் முடிந்துகொண்டு ரோட்டைக் கடந்தாள். ஒரு பஸ்காரன் ஹாரனை அடித்த அடியில் அவள் உயிர் ஒருமுறை போய் வந்தது.

விஷயம் இதுதான். எட்டு மாதத்துக்கு முன்னால் ரோட்டை அகலப்படுத்தப் போகிறோம் என்று ஆபீசர்கள் டேப்போடு வந்தார்கள். கூடவே அவர்களுக்கு எடுபிடியாகத் தாண்டவராயன் என்கிற கலாசி, ஒரு கையில் பெயிண்ட் டப்பா, ஒரு கையில் பிரஷ். அளந்து சொன்ன இடத்தில், ஒவ்வொரு வீட்டின் பக்கவாட்டுச் சுவரிலும் ஒரு முழத்துக்கு நட்டுக்குத்தாகக் கோடு இழுத்தான். பக்கத்தில் ரோட்டைப் பார்த்து ஒரு அம்பு, மேலே ஒரு நம்பர். கோட்டுக்கு ரோட்டுப் பக்கம் இருப்பதெல்லாம் போகும். உள்பக்கம் இருப்பது நிற்கும். ரோடு அந்த இடத்தில் வளைவதால் வீட்டுக்கு வீடு அளவு வேறு. ஒருவருக்கு வாசல்படியோடு போனது, இன்னொருவருக்குப் பாதி வீடு. மீனம்பாள் வீடு பதினேழாம் நம்பர். எதிரே பதினாறு, கோதண்டராமன் வீடு.

மீனம்பாளும் அவள் புருஷன் பச்சைமுத்துவும் தொண்டூர்க் காலனியிலிருந்து வந்தவர்கள். அவன் சென்ட்ரிங் வேலைக்குப் போய், அவள் தட்டுக்கடை போட்டு, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ரோட்டு மேல் ஒன்றரை சென்ட் வாங்கினார்கள். அவர்கள் தெருவிலிருந்து செஞ்சியில் ரோட்டு மேல் வீடு கட்டியது இவர்கள்தான் முதல். ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறை. முன்னால் டிபன் கடை. நடுவில் ஜன்னல் வைத்த அறை. பீரோ, கட்டில், மகள் தமிழினியின் புத்தகங்கள் எல்லாம் அங்கேதான். பின்னால் சமையலறை. அவ்வளவுதான் வீடு.

கோடு விழுந்த அன்றைக்கே மீனம்பாள் கடை விறகையெல்லாம் கொண்டுவந்து சுவர் நெடுக, அதன் மேலும் சேர்த்துச் சாத்தி அடுக்கிவிட்டாள். "பாக்கலன்னா இல்லன்னு ஆயிடுமா?" என்று பச்சைமுத்து கேட்டான். கேட்டுவிட்டு அவனும் நாலு கட்டையை எடுத்துக் கொடுத்தான். அதற்கப்புறம் எட்டு மாதம் அந்தக் கோட்டை இருவரும் பார்க்கவில்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. யாரும் அதைப் போட்டோ எடுத்துவைக்கவும் இல்லை. எவன் எடுப்பான் அதைப் போய்.

இப்போது தமிழினிக்கு மாப்பிள்ளை வீட்டார் அடுத்த வாரம் வருகிறார்கள். அவள் விழுப்புரத்தில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களும் படித்த குடும்பம். வீட்டுக்கு ஒரு கோட்டிங் அடித்துவிடலாம் என்று மீனம்பாளின் தம்பி அன்புமணியைக் கூப்பிட்டார்கள். அன்புமணி பெயிண்டர். வேலையென்று வந்துவிட்டால் சோறு தண்ணி மறந்துவிடுகிறவன். வெளிச் சுவரைப் பார்த்துவிட்டு என்ன செய்யட்டும் என்று கேட்டபோது பச்சைமுத்து, "ஒரு அழுக்குத் தெரியக் கூடாதுடா மாப்ள" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாரத்தில் ஏறப் போய்விட்டான். அன்புமணி விறகைத் தள்ளிவைத்தான். கோட்டைப் பார்த்தான். அது மேலே கசிந்து வரும் என்று தகடு வைத்துச் சுத்தமாகச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அதற்கு மேல் பிஸ்தாப் பச்சை இரண்டு கோட்டிங் கொடுத்துவிட்டான். நேற்று சாயந்தரம் விறகையும் பழையபடி அடுக்கிவிட்டுப் போனான். இப்படி ஒரு வேலைக்காரனை இந்த ஜில்லாவில் தேடினாலும் கிடைக்காது.

இன்று காலையில் இட்லி தின்ன வந்த கோதண்டராமன்தான் சேதி சொன்னார். அவர் தாலுகா ஆபீசில் பியூனாக இருந்து ரிட்டையர் ஆனவர். பியூன்தான், ஆனால் பேச்சு தாசில்தாருக்குக் கொஞ்சம் மேலே.

"நாளைக்கிக் காலைல ரோட்டு ஆபீசருங்க வர்றாங்கம்மா. குறியெல்லாம் சரியா இருக்குதான்னு செக் பண்ணிட்டு நோட்டீஸ் குடுக்கப் போறாங்க."

"வரட்டுங்க. நமக்கின்னா."

"திண்டிவனம் பக்கத்துல ஒருத்தன் குறிய அழிச்சிட்டானாம். சர்க்கார் குறிய அழிச்சா கேசு தெரியுமா? ஸ்டேசன்ல ஒரு நாளு உக்கார வெச்சிட்டாங்க. நஷ்ட ஈடும் கெடயாதுன்னுட்டாங்களாம். இன்னும் ரெண்டு இட்லி வெய்."

மீனம்பாள் இட்லியை வைத்தாள். சட்னி ஊற்றினாள். அப்புறம்தான் தம்பி அடித்த பெயிண்ட் நினைவுக்கு வந்தது. கரண்டியைப் போட்டுவிட்டுச் சந்துக்கு ஓடி விறகை இழுத்துத் தள்ளினாள். சுவர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரே பச்சையாக இருந்தது.

அமாவாசையில் மீனம்பாள் கடையை மூடினாள் என்றால் வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் ஊர் நினைக்கும். கூட்டம் அலைமோதுகிற நேரத்தில், வெந்த இட்லியோடு, அவள் தட்டியை இழுத்துச் சாத்தினாள். பச்சைமுத்துவுக்கும் அன்புமணிக்கும் போன் போட்டு வரச் சொன்னாள்.

"ஏண்டா, கண்ணு அவிஞ்சா பூட்ச்சி ஒனக்கு?" என்றாள் தம்பியைப் பார்த்ததும்.

"மாமாதானக்கா ஒரு அழுக்குத் தெரியக் கூடாதுன்னாரு."

"அது அழுக்காடா? பதிமூணாம் நம்பர்ல பெயிண்ட் அடிச்சப்போ கோட்டச் சுத்திக் கட்டம் உட்டுட்டு அடிச்சாங்க, பாத்தியா இல்லியா?"

"அது பாக்க அசிங்கமா இருந்துச்சிக்கா," என்றான் அன்புமணி. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான்.

பச்சைமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "நேரா ஆபீசர்கிட்ட சொல்லிரலாம். தெரியாம அழிச்சிட்டோம் சார், மறுபடி போட்டுக்கோங்கன்னு. மனுசன்தான் அவரும்."

"நீ சொல்லுவ. நம்ம வார்த்தைய எவன் நம்புவான்? கோதண்டராமனுக்கு வக்கீலு இருக்குறான், ஆபீசுல ஆளு இருக்குறான். நமக்கு இன்னா இருக்குது? அழிச்சியா, சரி, மொத்தமும் பொறம்போக்குன்னு எழுதிட்டுப் பூட்டான்னா? கொயந்தைய பாக்க வர்றவங்க போலீசு ஜீப்ப பாப்பாங்களா வாசல்ல?"

ஜீப்பு வந்து நிற்பதை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள்.

அன்புமணி ஒரு வழி சொன்னான். பழைய சுவர் நீலச் சுண்ணாம்பு. சுண்ணாம்பில் நீலம் கலந்து ஒரு கட்டத்துக்கு அடித்துவிட்டால், பெயிண்ட் அடித்தபோது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டார்கள் என்றுதான் தெரியும். அது அவனால் ஆகும். கோட்டின் சிவப்புத்தான் ஆகாது. தாண்டவராயன் அதை எப்படிக் கலந்தானோ. ரெட் ஆக்சைடு பிரைமரில், ரோட்டுக்கு நடுவே கோடு போட்டு மிஞ்சின மஞ்சளை ஊற்றி, டப்பா அடியில் கிடந்த இன்னும் எதை எதையோ போட்டுக் கிண்டியிருப்பான். செங்கல்லும் இல்லை, குங்குமமும் இல்லை, நடுவாந்திரமாக ஒரு சிவப்பு. எந்த ஷேடு கார்டிலும் கிடையாது. தெருவில் முப்பது நாற்பது கோடு அதே சிவப்பில் இருக்கும்போது இது மட்டும் வேறாக இருந்தால் குருடனும் கண்டுபிடிப்பான்.

"சாம்பிள் ஒண்ணு இருந்தா கடைல மிசின்ல வெச்சி அச்சா அதே கலரு எடுத்துத் தருவாங்கக்கா," என்றான்.

அதனால்தான் தோசைத் திருப்பி.

பஜாரில் கிருஷ்ணமூர்த்தி கடைதான் பெரிய பெயிண்ட் கடை. அமாவாசைக்கு வாசலில் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். குங்குமம் தடவின துண்டுகள் படியில் சிதறிக் கிடந்தன. மீனம்பாள் அதை மிதித்துவிடாமல் ஒதுங்கி ஏறினாள். இன்றைக்குப் பார்த்து அந்தச் சிவப்பையும் பார்க்க வேண்டியிருந்தது அவளுக்கு. கல்லாவில் கிருஷ்ணமூர்த்தி. பக்கத்தில் அவர் சம்சாரம் சாரதா கற்பூரத் தட்டை ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாள். மிஷினுக்கு முன்னால் அவர்கள் பையன் ஹரிஹரசுதன். காலேஜ் முடித்துவிட்டு இரண்டு வருஷமாக அந்த மிஷினைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவன். கலர் விஷயத்தில் அவனுக்குச் சாப்பாட்டைவிட ருசி அதிகம்.

"வாம்மா மீனம்பா. கடைய மூடிட்டா வந்த இன்னைக்கி?" என்றார் கிருஷ்ணமூர்த்தி. அவருக்கு வாரத்தில் நாலு நாள் காலை டிபன் அவள் கடையிலிருந்துதான் போகிறது.

"சும்மா... ஒரு அவசரம் மொதலாளி. கேட்டுக்கு அடிக்கணும். இந்தக் கலரு வேணும்." முடிச்சை அவிழ்த்துச் சில்லுகளைக் கண்ணாடி மேல் வைத்தாள். மூடியை எடுத்தால் ஆவி தப்பிப்போகும் என்பதுபோல் உள்ளங்கையை அதன் மேலேயே வைத்திருந்தாள்.

"கைய எடுங்கக்கா, பாக்கணுமில்ல," என்றான் ஹரிஹரசுதன். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். "ரொம்பச் சின்னதா இருக்குது. ஒரு ரூவா காசு அளவாச்சும் இருந்தாதான் மிசின் படிக்கும்." ஆனாலும் விடவில்லை. மூன்று சில்லையும் செலோ டேப்பில் ஒட்ட ஒட்ட அடுக்கினான். "எங்கருந்து எடுத்தீங்க? இரும்புல அடிச்ச மாதிரி இல்லியே. அடியில சுண்ணாம்பு ஒட்டியிருக்குது."

"பழைய கேட்டு தம்பி. செவுத்தோரம் இருந்துச்சி."

"ம்." சில்லைத் திருப்பினான். அவனுக்குக் குஷி வந்துவிட்டது. "இதுல ரெண்டு கலர் இருக்குதுக்கா, பாருங்க. மேல்பக்கம் வெயில்ல அடிபட்டு வெளுத்துப் போச்சி. பின்பக்கம் அடிச்ச அன்னிக்கி எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்குது. ஒங்களுக்கு எது வேணும்? முன்பக்கமா, பின்பக்கமா?"

மீனம்பாள் இதை எதிர்பார்க்கவில்லை. எதைச் சொன்னால் தப்பில்லை? எதிர் வீட்டுக் கோடு எட்டு மாதம் வெயில் தின்றது. நம்முடையது விறகுக்குப் பின்னால் இருந்தது. வெளுத்தது வேண்டும் என்றால் நம் கோட்டுக்கு ஏது வெயில்? மனசு அவசரமாகக் கணக்குப் போட்டது, வாய் அதைவிட அவசரப்பட்டது.

"பின்பக்கந்தான் தம்பி. எங்குளுது நெழல்லயே இருந்துச்சி."

"இருந்துச்சா? அப்போ இது வேற கேட்டா?"

கிருஷ்ணமூர்த்தி கல்லாவிலிருந்து தலையைத் தூக்கினார். சாரதாவும் திரும்பினாள். டப்பா வாங்க நின்றிருந்த இன்னொரு ஆளும் சும்மாதான் திரும்பினான். மீனம்பாளுக்கு முதுகில் வேர்வை கோடாக இறங்கியது.

கிருஷ்ணமூர்த்தி அந்த ஆளுக்குச் சரக்கைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு எழுந்து வந்தார். சில்லைக் கையில் வாங்கிப் பார்த்தார். அந்தச் சிவப்பு செஞ்சியில் யாருக்குத் தெரியாது? அவர் கடைச் சுவரிலும் ஒன்று இருக்கிறது.

"ஒங்க வீடு பதினேழு, இல்ல?" என்றார் மெதுவாக.

மீனம்பாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அழிச்சிட்டீங்களா?"

"தம்பி பெயிண்ட் அடிச்சிட்டான் மொதலாளி. தெரியாம அடிச்சிட்டான். சாமி சத்தியமா வேணும்னு செய்யல. நாளைக்கி வர்றாங்களாம். என்னக் காட்டிக் குடுத்துறாதீங்க."

"நான் ஏம்மா காட்டிக் குடுக்கறேன். எனக்கே பயமா இருக்குது. நாளைக்கி யாருனா கேட்டா, சர்க்கார் குறிக்கு நீதான் பெயிண்ட் கலந்து குடுத்தியான்னு என்னத்தான் பிடிப்பான்."

"வேணாங்க, நமக்கு எதுக்கு வம்பு. அனுப்பிடுங்க அந்தம்மாவ," என்றாள் சாரதா. கெட்ட மனசால் சொல்லவில்லை, அவளுக்கும் உதறல்தான்.

ஹரிஹரசுதன் அதற்குள் சில்லை மிஷினில் வைத்துவிட்டான். கம்ப்யூட்டர் பேர், போன் நம்பர் கேட்டது. யார் யாருக்கு என்ன கலர் கலந்தது என்று அது எழுதி வைத்துக்கொள்ளும், அடுத்த தடவை வந்தால் அப்படியே எடுத்துக் கொடுக்க. திரையில் குச்சி மாதிரி ஒன்று மினுங்கிக்கொண்டே நின்றது. மீனம்பாள் அதைப் பார்த்தாள். தன் பேர் அதில் ஏறினால் அது நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போகும் என்று நம்பினாள்.

"பேரு போடாம வராதா தம்பி?"

பையன் அப்பாவைப் பார்த்தான். கிருஷ்ணமூர்த்தி வாசலைப் பார்த்தார். படியில் பூசணிக்காயைக் காக்கை கொத்திக்கொண்டிருந்தது. "என் பேர போடுடா," என்றார். சாரதா பட்டென்று உள்ளே போய்விட்டாள்.

மிஷின் சொட்டுச் சொட்டாகச் சாயத்தை விட்டது. டப்பாவை மூடிக் குலுக்குகிற மிஷினில் வைத்தபோது அது போட்ட சத்தத்தில் பஜாரே திரும்பிப் பார்ப்பதாக இருந்தது அவளுக்கு. பையன் அட்டையில் ஒரு இழுப்பு இழுத்தான். "ஐயோ தம்பி, இது கருஞ்செவப்பா இருக்குதே." "ஈரத்துல அப்பிடித்தான்கா இருக்கும். காஞ்சாதான் நெசக் கலரு." தலை காய வைக்கிற மிஷினை எடுத்து ஊதினான். காய்ந்தது. சில்லைப் பக்கத்தில் வைத்தான். மஞ்சள் போதவில்லை. ஒரு சொட்டு விட்டான், மறுபடி குலுக்கினான், இழுத்தான், ஊதினான். ரோட்டில் யாரோ காக்கிச் சட்டை போட்டவன் போனான், பஸ் கண்டக்டர். மீனம்பாள் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நாலாவது தடவை அட்டையில் சில்லை வைத்துவிட்டு, "எங்க இருக்குதுன்னு காட்டுங்க பாப்போம்," என்றான் ஹரிஹரசுதன் பெருமையாக. அவளால் காட்ட முடியவில்லை.

கிளம்பும்போது கிருஷ்ணமூர்த்தி படிவரைக்கும் வந்தார். "கோட்ட எங்க போடப் போற?"

"எங்க இருந்துச்சோ அங்கதான் மொதலாளி."

"அதான் சொல்றேன். எங்குளுத நான் தெனம் பாக்கறேன். ஒரு ரெண்டடி தள்ளியிருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்னு தெனம் தோணுது. அவங்க நோட்டுல அளவு இருக்குதுன்னு ஒருத்தர் சொல்றாரு. இல்ல, செவுத்துல இருக்குறதுதான் கணக்குன்னு இன்னொருத்தர் சொல்றாரு. எனக்குத் தெரியல. பாத்துப் போடு."

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு சண்டை. அன்புமணி நீலச் சுண்ணாம்பைக் கரைத்து வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறான். பச்சைமுத்து சுவரில் ஒரு இடத்தில் கைவைத்துக்கொண்டு நிற்கிறான். கடையறைக்குப் பாதியில்.

"இங்கதான் இருந்துச்சி. நல்லா நெனப்பிருக்குது. பாதிக் கடை பூடும், பாதிக் கடை நிக்கும்னு நான் அன்னிக்கே மனசுல போட்டுக்கினேன்."

"இன்னாய்யா ஒளர்ற," என்றாள் மீனம்பாள். "கடை முடியிற எடத்துல, ஜன்னலுக்கு முன்னாடி. கடை மொத்தமும் பூடும். வீடு அப்படியே நிக்கும். அன்னிக்கி ராத்திரி பூரா அதச் சொல்லித்தான நான் மனசத் தேத்திக்கினேன்."

"ஒனக்கு எப்பவுமே கொறச்சலாதான் நெனப்பு வரும்மே."

"ஒனக்கு எப்பவுமே கூடுதலா வரும்."

இரண்டு பேரும் இரண்டு இடத்தில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள், கையை எடுத்தால் வீடு போய்விடும் என்கிற மாதிரி. அன்புமணி வாளியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சும்மா இருந்த விதம்தான் மீனம்பாளுக்குத் திக்கென்றது.

"டேய், நீதான சொரண்டுன. எங்கடா இருந்துச்சி?"

"வாணாங்க்கா."

"சொல்றா."

"ஜன்னலத் தாண்டிக்கா."

"எந்த ஜன்னல?"

இருப்பதே ஒரு ஜன்னல்தான். "செவுத்தத் தடவிப் பாரு. மத்த எடத்துல பழைய செவுரு சொரசொரன்னு இருக்கும். சொரண்டிப் பட்டி பாத்த எடம் மட்டும் வழவழன்னு இருக்கும். கையில தெரியும்," என்றான் அன்புமணி.

மீனம்பாள் ரோட்டு முனையிலிருந்து ஆரம்பித்தாள். உள்ளங்கையைச் சுவரில் வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தாள். புருஷன் சொன்ன இடம் வந்தது. சொரசொரப்பு. தான் சொன்ன இடம் வந்தது. அங்கே நின்று அழுத்தித் தடவினாள், மேலே கீழே எல்லாம் தடவினாள். சொரசொரப்புத்தான். ஜன்னல் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். உள்ளே கட்டில் தெரிந்தது, தமிழினி மடித்து வைத்துவிட்டுப் போன போர்வை தெரிந்தது. ஜன்னலைத் தாண்டிக் கையை வைத்தாள். ஒரு சாண், இரண்டு சாண், மூன்று. சமையலறை ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு முழ உயரத்துக்கு, கைக்கு வழவழவென்று வந்தது.

அவள் கையை எடுக்கவில்லை. "கடை பூடுது. ரூமும் பூடுது," என்றாள். "நம்மகிட்ட அவங்க சொல்லவேயில்லியே."

"சொன்னாங்க," என்றான் பச்சைமுத்து. அவனுக்கு இப்போது எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது போலிருந்தது. "நாமதான் வெறக அடுக்கிக்கினோம்."

நீலக் கட்டம் காய்வதற்குள் மத்தியானம் திரும்பிவிட்டது. யாரும் சாப்பிடவில்லை. வெந்த இட்லி துணிக்கடியில் அப்படியே கிடந்தது. செஞ்சிக் கோட்டை மலைப் பாறையில் ஏறின வெயில் இறங்கி ஊரின் மேல் அடித்தது. அன்புமணி அடித்தது ஜன்னலைத் தாண்டின இடத்தில்தான்; ஆனால் பச்சைமுத்து அவனை ஜன்னலுக்கு முன்னாலும் ஒரு கட்டம் அடிக்க வைத்திருந்தான். ஏதாவது ஒன்றை அப்புறம் பச்சையால் மூடிவிடலாம். காலையில் ஆபீசரிடம் சொல்லிவிடலாம் என்றவன்தான் இவன்.

"இங்க போட்டுரு," என்றான் முன்கட்டத்தைக் காட்டி. "யாருக்குத் தெரியும். கட்டிலாச்சும் மிஞ்சும்."

"நான் போட மாட்டேன் மாமா," என்றான் அன்புமணி. "அழிச்சதே நானு. இதையும் நான் செஞ்சேன்னா நாளைக்கி எது ஒண்ணுன்னாலும் என் தலையிலதான்." பிரஷை நீட்டிக்கொண்டு நின்றான். மீனம்பாள் வாங்கிக்கொண்டாள்.

சிவப்பில் தோய்த்து ஜன்னலுக்கு முன்னால் இருந்த கட்டத்துக்கு நேரே கொண்டுபோனாள். சுவருக்கும் பிரஷுக்கும் ஒரு விரக்கடைதான். கட்டில் மிஞ்சும். பீரோ மிஞ்சும். தமிழினி பண்டிகைக்கு வந்தால் படுக்க இடம் மிஞ்சும். அப்படியே இழுத்துவிடலாம். நோட்டில் அளவு இருந்தால்? டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, எவடி இதைப் போட்டது என்று கேட்டால்? ஸ்டேஷன் பெஞ்சில் பச்சைமுத்து உட்கார்ந்திருந்தான். வாசலில் மாப்பிள்ளை வீட்டார் நின்றிருந்தார்கள். எல்லாம் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. பிரஷிலிருந்து ஒரு சொட்டு அவள் கால் கட்டைவிரலில் விழுந்தது.

அவள் ஜன்னலைத் தாண்டிப் போனாள். நேர்மை, நியாயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயம்தான் அவளைத் தள்ளிக்கொண்டு போனது. தன் வீட்டை எந்த இடத்தில் அறுக்க வேண்டுமோ அந்த இடத்தில், மேலிருந்து கீழே, நடுங்காத கையால் ஒரு முழத்துக்குக் கோடு இழுத்தாள். ரோட்டைப் பார்த்து அம்பு போட்டாள். மேலே பதினேழு என்று எழுதினாள். பச்சைமுத்து திரும்பிக்கொண்டான். அன்புமணி மற்ற கட்டத்தைப் பச்சையால் மூடினான், இந்தத் தடவையும் கொஞ்சம்கூட அடையாளம் தெரியாமல்.

மறுநாள் ஒன்பது மணிக்கு ஆபீசர் வந்தார். கண்ணாடி போட்ட சின்ன வயசு ஆள், வெயிலுக்குத் தலையில் கர்ச்சீப். பின்னால் டேப்போடு ஒருவன், அதற்குப் பின்னால் தாண்டவராயன். எதிர்ச் சாரியை முடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தார்கள். மீனம்பாள் சந்து முனையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரவெல்லாம் கண் மூடவில்லை.

டேப்பை ரோட்டு நடுவிலிருந்து பிடித்தார்கள். ஆபீசர் குனிந்து பார்த்தார், நோட்டைப் புரட்டினார். நோட்டில் அளவு இருக்கத்தான் செய்தது.

"பதினேழு. கரெக்ட்," என்றார்.

தாண்டவராயன் மட்டும் கோட்டுக்குக் கிட்டே போனான். மூக்கு படுகிற அளவுக்குப் போய்ப் பார்த்தான். கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தான். அப்புறம் திரும்பி மீனம்பாளைப் பார்த்தான்.

"கலரு என்னுதுதான்," என்றான் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "ஆனா இம்மாம் நேரா எனக்குப் போட வராதும்மா." வெற்றிலைக் காவிப் பல் தெரிய லேசாகச் சிரித்துவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தான்.

அவ்வளவுதான். ஜீப்பு இல்லை, கேசு இல்லை, ஸ்டேஷன் இல்லை. நேற்று காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் அப்படியே உருண்டு போய்விட்டது. ஆபீசர் ஒரு தாளை நீட்டி, "கையெழுத்துப் போடுங்கம்மா. பதினஞ்சு நாள் டைம். சாமானெல்லாம் எடுத்துக்குங்க," என்றார். மீனம்பாள் கையெழுத்துப் போட்டு, தனக்கான நகலை வாங்கிக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது அவளுக்கு.

"ரொம்பச் சந்தோசம் சார்," என்றாள்.

ஆபீசர் தாளை மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தி அவளைப் பார்த்தார். கர்ச்சீப்பைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

"இன்னாம்மே சொன்ன அவர்கிட்ட?" என்றான் பச்சைமுத்து.

"இன்னா சொன்னேன்?"

"சந்தோசம்னு சொன்ன."

மீனம்பாளின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் தங்கியிருந்து மெதுவாகப் போயிற்று. கையில் இருந்த தாளைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். அப்புறம் முதுகைக் கோட்டுக்கு நேரே வைத்து நின்று, ஒரு காலின் விரல் நுனியில் மறு காலின் குதிகாலை ஒட்டி ஒட்டி வைத்து, வீட்டின் பின்சுவர்வரைக்கும் அளந்தாள். ஏழு அடி வந்தது. சமையல் அடுப்பும் அங்கேதான், மூன்று பேர் படுப்பதும் இனி அங்கேதான்.

திரும்பக் கோட்டுக்கு வந்து நின்றாள். இந்தத் தடவை அடியைச் சின்னச் சின்னதாக வைத்து நடந்தாள். எட்டு வந்தது.